உள்நோக்கிச் சாயும் காகிதம்

அந்தப் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது. மூடியே இருந்தால் மேலே உள்ள தேங்காய்ப் பூச்சு வியர்த்து நமுத்துவிடும். இன்று காலையில்தான் செய்தேன். நானே கேக் செய்தது இதுதான் முதல் தடவை. சர்க்கரைப் பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சடித்திருந்த முறையை அப்படியே பின்பற்றினேன். ஓர் ஓரம் கருகியது, அதை வெட்டி எடுத்துவிட்டேன். மற்றபடி நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பதிவு ஓடுகிறதா? சரி.

என் பெயர் டோர்கில் ராவ்ன். வயது அறுபத்தொன்று. ஃபியோர்டுக் கடற்கரையில் இருக்கிற அந்த ஆய்வகத்தில் கட்டடப் பராமரிப்பு என் வேலை. வெந்நீர், விளக்கு, பூட்டு, காற்றுக் குழாய். போன மே மாதம் ஒன்பதாம் தேதியோடு இருபத்தைந்து வருடம் முடிந்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். காப்பி அறையில் இருக்கும் பலகையிலிருந்து தொடங்குவதுதான் சரி. வேலையிடத்தில் தவறு செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். எங்களிடம் அதற்கென்று ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எல்லோர் பெயரும் அதில் இருக்கும். கேக் கொண்டுவந்தால் பெயருக்கு நேராக ஒரு கோடு. கொண்டுவந்தவர் எழுந்து நின்று என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு தடவை சிரிப்பார்கள். பிறகு சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்த பிறகு அந்தத் தவறைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது. ஆய்வகத் தலைவி உல்லாவுக்கும் அதே விதிதான். ஒரு வருடம் மைக்கன் தன் கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்காக உறைபெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு வருடத்து மாதிரிகள் உருகிப் போயின. மூன்றடுக்குக் கேக் கொண்டுவந்தாள், அழுதாள், நாங்கள் சாப்பிட்டோம். அதோடு சரி. இப்போது உங்களிடம் நான் இதைச் சொல்வதுகூட முறையில்லை.

என் பெயருக்கு நேராக ஒரு கோடும் இல்லை. அந்தப் பலகை மாட்டிய நாளிலிருந்து இல்லை.

"டோர்கில், உனக்குக் கேக் செய்யத் தெரியாதா, இல்ல தப்புப் பண்ணத் தெரியாதா?" என்று சோல்வை கேட்பாள்.

"ரெண்டையும் கத்துக்கிட்டு வரேன்."

"அவசரமே இல்லப்பா. மே மாசம் வரைக்கும் இழுத்துப் பிடி. இருபத்தஞ்சு முடிஞ்சதும் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்க வெச்சுடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா வந்து பார்த்துட்டுப் போகும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆய்வகத்தில் மற்ற எல்லோரும் படித்தவர்கள். மருத்துவர்கள் இருக்கிறார்கள், பெயருக்குப் பின்னால் எழுத்துகள் உள்ளவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருந்தது அந்தக் காலியான இடம் ஒன்றுதான்.

சோல்வை காசநோய் அறையில் வேலை செய்தவள். வயது முப்பத்து நான்கு. நோயாளிகளின் சளியிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தினமும் காலையில் வேலைக்கு வரும் முன் ஃபியோர்டில் குளித்துவிட்டு வருவாள். ஜனவரியிலும் அப்படித்தான். ஈரத் தலையோடு மூன்று மாடியையும் ஓடியே ஏறுவாள். படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டால் மணி ஏழரை என்று எனக்குத் தெரியும்.

அந்த அறையில் நான்கு கேபினெட்டுகள் இருக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் கண்ணாடி, அதன் அடியில் கை நுழைய ஒரு சாண் திறப்பு. அறையின் காற்று அந்தத் திறப்பு வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, வடிகட்டியில் சுத்தமாகி, மேலே வெளியேறும். உள்ளே நடப்பது உள்ளேயே இருக்கும். வேலை செய்பவர்கள் அதை நம்பித்தான் அங்கே உட்காருகிறார்கள். கேபினெட் சரியாக இருந்தால் முகமூடி கட்டாயமில்லை என்பது எங்கள் விதி.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த நான்கையும் கூரைக் குழாயோடு இணைத்தோம். கேபினெட்டின் மேல்வாயை ஒரு தகரக் குடை மூடும். குடைக்கும் கேபினெட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். தெரியாதவர்கள் பார்த்தால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அந்த இடைவெளி அங்கே இருக்கத்தான் வேண்டும்.

குடைகளுக்கு அளவு கொடுத்தது நான். மூன்று கேபினெட்டுகள் ஒரே மாதிரி. நான்காவது புதியது, அகலம் ஓர் உள்ளங்கை அளவு குறைவு. நான் முதல் கேபினெட்டை அளந்து, நான்குக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு அவ்வளவுதான். ஒரு தாளில் ஒரு எண்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. போன அக்டோபரில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கத் தொடங்கியது. கூரைக் குழாய்க்குள் காற்று புகுந்து கீழ்நோக்கித் தள்ளும்போதெல்லாம் நான்காவது கேபினெட்டின் எச்சரிக்கை மணி அலறியது. இடைவெளி வழியாகக் காற்று அறைக்குள் திரும்பினால் அடிக்கிற மணி அது, ஒரு விரலுக்குப் பதில் மூன்று விரல் இடைவெளி இருந்தால் அலறாமல் என்ன செய்யும்? மணி அடித்தால் சோதனைக் குழாய்களை மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும். நான்காவதில் உட்காருபவள் சோல்வை.

உல்லா என் அறைக்கே இறங்கி வந்தாள்.

"டோர்கில், இன்னிக்கு இது பதினோராவது தடவை. அங்க சளி மாதிரியெல்லாம் மலையாக் குவிஞ்சு கெடக்கு. சோல்வை கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, பின்னறதுக்கு ஊசியும் நூலும் கேக்கறா. குடை போட்டவங்களக் கூப்பிடு."

"நான் பார்த்துக்கறேன் உல்லா."

"நீ பார்த்துக்கறேன்னா எனக்குக் கவலையில்ல."

அவர்களைக் கூப்பிட்டிருந்தால் முதலில் அளவுத் தாளைத்தான் கேட்டிருப்பார்கள். அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது. மே மாதத்துக்கு இன்னும் ஏழு மாதம்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, ஏணியைப் போட்டு ஏறி, இடைவெளியை அலுமினிய நாடாவால் ஒட்டினேன். இரண்டு சுற்று. நேர்த்தியாகவே ஒட்டினேன், கை வைத்துத் தடவினால்தான் விளிம்பு தெரியும். மணிக்குப் போகும் கம்பியைக் கழற்றி, பச்சை விளக்கு மட்டும் எரியும்படி செய்தேன். மே ஒன்பது தாண்டியதும் எடுத்துவிடுவதாக இருந்தேன். ஆகஸ்டில் ஆண்டுச் சோதனைக்கு வருகிறவர்கள் கையில் சிக்கினால் நன்றாக இருக்காது.

திங்கட்கிழமை மணி அடிக்கவில்லை. சோல்வை என் மேசையில் ஒரு லிக்கரிஸ் மிட்டாய்ப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இடைவெளி எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று போன வாரம் விசாரணைக்கு வந்தபோது நீங்கள் கேட்டீர்கள். தெரியும். காற்று மேலேயிருந்து தள்ளும்போது அந்தத் தள்ளுதல் இடைவெளி வழியாக அறைக்குள் சிதறிப்போகும். அங்கே வருவது வடிகட்டிய காற்று, யாருக்கும் கெடுதல் இல்லை. இடைவெளியை அடைத்துவிட்டால் தள்ளுதல் நேராகக் கேபினெட்டுக்குள் இறங்கும். அப்போது உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி. முன்னால் இருக்கும் அந்த ஒரு சாண் திறப்பு. அதற்கு எதிரே ஒரு முகம் இருக்கும்.

ஆனால் அது எல்லா நாளும் நடப்பதில்லை. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும்தான். நான் வானிலை பார்த்து நாட்காட்டியில் புள்ளி வைத்துவந்தேன். நவம்பரில் ஒன்பது நாள், டிசம்பரில் பதினான்கு. அந்த நாட்களில் காசநோய் அறையில் விளக்கு மாற்றும் வேலை வந்தால் மறுநாளுக்குத் தள்ளிவைப்பேன். சோல்வையையும் காப்பி மேசையில் முடிந்தவரை பிடித்து வைத்தேன். எனக்குப் பேச வராது. இருந்தும் அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் எவ்வளவோ பேசினேன். என் அண்ணன் வாங்கிய ஓட்டைப் படகைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் வாத்துகளைப் பற்றி. ஒரு நாள் இருபது நிமிடம்கூட இழுத்திருக்கிறேன். "வாய்ல பூட்டுப் போட்ட ஆளுன்னுல்ல நெனச்சேன், இந்த வருஷம் உனக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தாள். அப்படி நான் அவளுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டித் தொங்கவிடுவாள். காற்று உள்ளே போனால் பட்டை உள்நோக்கிச் சாயும். பச்சை விளக்கை விட அவளுக்கு அந்தப் பட்டையின் மேல்தான் நம்பிக்கை. காலையில் அதைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"டோர்கில், இங்க வந்து பாரேன். என் காகிதம் இன்னிக்குச் சோம்பேறியா இருக்கு. நேராத் தொங்குது. கொஞ்ச நேரம் முன்னாடி என் பக்கமாக்கூட வந்த மாதிரி இருந்துச்சு."

நான் வாசலிலேயே நின்றேன். அன்று நாட்காட்டியில் புள்ளி இருந்தது.

"காகிதம் நனைஞ்சிருக்கும். உன் தலையிலேர்ந்து தண்ணி சொட்டுதுல்ல."

"அப்படியா சொல்ற?"

"டாய்லெட் பேப்பர்ல வெட்டினா அப்படித்தான். நான் நல்லதா ஒண்ணு செஞ்சு தரேன்."

காப்பி வடிகட்டும் தாளில் ஒரு பட்டை வெட்டினேன். அது கொஞ்சம் விறைப்பானது. மேல்முனையில் நகத்தால் அழுத்தி உள்பக்கமாக ஒரு மடிப்புக் கொடுத்தேன். நானே கொண்டுபோய் ஒட்டினேன். அது அழகாக உள்நோக்கிச் சாய்ந்து நின்றது. காற்று இருந்தாலும் சாய்ந்து நின்றது, இல்லாவிட்டாலும் சாய்ந்து நின்றது.

"ஆகா, இதுதான் காகிதம்," என்றாள். "இருபத்தஞ்சு வருஷ அனுபவம்னா சும்மாவா."

அன்றிலிருந்து அவள் நிம்மதியாக வேலை செய்தாள். நிம்மதியாக இருக்கும் கை தடுமாறாது. அதையும் நான் யோசித்துத்தான் செய்தேன்.

பிப்ரவரியில் படிக்கட்டில் ஓடும் சத்தம் நடக்கும் சத்தமாக மாறியது. பிறகு இரண்டாம் மாடியில் ஒரு நிறுத்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். "தண்ணிக்குள்ள இந்த வருஷம் ரொம்ப நேரம் இருந்துட்டேன் போல," என்றாள். மார்ச் மாதம் அவள் சளியை அவள் வேலை செய்த அதே அறையில்தான் வளர்த்துப் பார்த்தார்கள். ஜனவரியில் அவள் கையில் எடுத்த ஒரு மாதிரியில் இருந்த அதே கிருமி, பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. சோதனை முடிவை உல்லா வாசித்தாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "நாலாவது கேபினெட்ல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"அக்டோபருக்கு அப்புறம் மணி ஒரு தடவைகூட அடிக்கலையே உல்லா."

அது உண்மை. நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. இருவருமாகப் போய்ப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. பட்டை உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. உல்லா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதுலதான் அவளுக்கு உயிரு," என்றாள்.

அடுத்து நடந்ததை என்னால் தடுத்திருக்க முடியாது. சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் காப்பிக்காக உட்கார்ந்திருந்தோம். சோல்வையின் கணவன் யெப்பெ வாசலில் வந்து நின்றான். பால் லாரி ஓட்டுகிறவன், தாட்டியான ஆள். வேலை உடுப்போடு வந்திருந்தான். கையில் ஒரு தட்டு, அதன் மேல் துணி.

"சோல்வை கொடுத்து அனுப்பினா," என்றான். "அவளால செய்ய முடியாது, அதனால நான்தான் செஞ்சேன். அவ ஃபோன்ல ஒவ்வொண்ணா சொன்னா, நான் போட்டேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான்.

"எழுந்து நின்னு சொல்லணுமாமே. நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "நான் எங்கயோ கை தவறிட்டேன். எந்தக் குழாய்னு எனக்கே தெரியல. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன், ஞாபகம் வரல. கேபினெட் நல்லாத்தான் இருந்துச்சு, நான் தினமும் பார்த்தேன். உங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கற மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சிடுங்க. கேக்குல கிருமி வராது, நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க, அதனால சாக்குச் சொல்லாம சாப்பிடுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த இடத்தில் ஒரு தடவை சிரிக்க வேண்டும் என்பது வழக்கம். மைக்கன் அழுதுகொண்டே சிரித்தாள். உல்லா எழுந்து முதல் துண்டை வெட்டினாள். பிறகு பலகையருகே போய் சோல்வையின் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டாள். யெப்பெ அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவ்வளவுதானா? முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது யெப்பெ. இனிமே இதைப் பத்தி யாரும் பேச மாட்டோம்."

"நல்லது," என்றான். "அவளுக்கு அதுதான் பெரிய கவலை."

எழுந்து நின்று சொல்ல அது சரியான நேரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் அவ்வளவு சிரமப்பட்டு அனுப்பிய கேக், அவள் பெயரில் கோடும் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் குறுக்கே புகுந்தால் அவளை அவமதித்த மாதிரி ஆகியிருக்கும். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இதே கேக்தான், தேங்காய்ப் பூச்சு. யெப்பெ உப்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். அவளைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். தொலைபேசியில் பேசினோம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

"என்னால... உன் கேபினெட்டுக்குக் கெட்ட பேரு," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நாலாவதுல இப்ப யாரு?"

"மைக்கன். நாளைலேர்ந்து."

"அவ பயந்தவ, டோர்கில். அவளுக்கும் ஒரு காகிதம் வெட்டிக் குடு. எனக்குக் குடுத்தியே, அந்த மாதிரி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவள் ஒன்றைக் கேட்கிறாள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை காலை மைக்கனுக்குப் புதுப் பட்டை வெட்டி, அதே மாதிரி மடித்துக் கொடுத்தேன். பழையதில் தூசி படிந்திருந்தது. அன்றும் மேற்குக் காற்றுதான். ஏணி அந்த அறை மூலையிலேயே சாய்ந்திருந்தது. நாடாவை உரித்தெடுக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் மணி மறுபடியும் அலறத் தொடங்கினால் உல்லா எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருப்பாள். மே ஒன்பதுக்கு முப்பத்திரண்டு நாள்தான் இருந்தது. சோல்வைக்கு வந்ததுபோல மைக்கனுக்கும் வரும் என்று என்ன நிச்சயம்? முப்பத்திரண்டு நாள் என்பது ஒன்றுமில்லை.

விழா நன்றாக நடந்தது. வாசலில் கொடி ஏற்றினார்கள், மேசையெல்லாம் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள். உல்லா பேசும்போது பலகையைக் கழற்றி எடுத்துவந்து எல்லோருக்கும் காட்டினாள். "இருபத்தஞ்சு வருஷம், ஒரு கோடு இல்ல. பார்த்துக்குங்க," என்றாள். கைதட்டினார்கள். சோல்வையும் மருத்துவமனையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் அவளது வலது நுரையீரலில் பாதியை எடுத்திருந்தார்கள். எழுத்து கோணலாக இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக நாடாவை உரித்தேன். சொன்ன சொல் மாறவில்லை. மணியின் கம்பியையும் சரிசெய்தேன். பசையைத் துடைக்க மட்டும் விட்டுப்போயிற்று. ஜூன் மாதம் மைக்கனின் ரத்தச் சோதனையில் கிருமி தொற்றியிருப்பது தெரிந்து, நீங்கள் வந்து ஏணியில் ஏறிக் கையால் தடவிப் பார்த்தபோது உங்கள் விரலில் ஒட்டியது அந்தப் பசைதான். நாடா என்னுடையது. கம்பியைக் கழற்றியதும் நான்தான். இரண்டு பட்டைகளையும் மடித்ததும் நான்தான். இரண்டு தடவையும் தெரிந்தே செய்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மைக்கனுக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று உல்லா சொன்னாள். அவள் இப்போது என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சோல்வைக்கு இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். எந்தக் குழாய், எந்த நாள் என்று அவள் இன்னமும் படுக்கையில் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். யெப்பெ ஆய்வகத்துக்குப் போன் செய்து அவளுடைய பழைய வேலைப் பதிவேடுகளைக் கேட்டிருக்கிறான், அவள் வரி வரியாகப் படித்துப் பார்க்க வேண்டுமாம். பாவம். ஆனாலும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் தன் தவறுக்குக் கேக் கொடுத்துவிட்டாள், நாங்களும் சாப்பிட்டுவிட்டோம். முடிந்துபோனதை மறுபடி எடுப்பது எங்கள் வழக்கம் இல்லை.

நானும் கொண்டுவந்திருக்கிறேன். எழுந்து நின்றே சொல்லியிருப்பேன், நீங்கள்தான் உட்காரச் சொன்னீர்கள். கத்தி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் முதல் துண்டை வெட்டினால் போதும்.